அக்காவின் பல்லுக்கும் உங்கள் பெயரில் தவணையா?

கேள்வி: நானும் அக்காவும் பல் மருத்துவரிடம் பற்களை வெண்மையாக்கிக்கொள்ள விரும்புகிறோம். ரொக்கமாகக் கட்டினால் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. 18 மாத 'வட்டியில்லாத் தவணை' என்றால் தள்ளுபடி கிடையாது. 3 சதவீதப் பிராசஸிங் கட்டணத்தை முன்னதாகவே கட்ட வேண்டும். இருவருக்கும் சேர்த்து என் பெயரிலேயே தவணை எடுக்கச் சொல்கிறார் அக்கா. கைப்பேசி, சோஃபா, அக்காவுக்கு வாங்கிய மடிக்கணினி ஆகிய மூன்று தவணைகளுக்கே என் சம்பளத்தில் 30 சதவீதம் போகிறது. என் முன்பல் ஒன்றில் கேப் (பல்லின் மேல் பொருத்திய செயற்கை உறை) இருக்கிறது. தவணை எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். ஒரு தவணை முடிவதற்குள் அடுத்ததற்குக் கையெழுத்துப் போடுவதும், அக்கா கேட்பதையெல்லாம் உங்கள் பெயரில் எழுதிக்கொள்வதும்தான் உங்களை இறுக்குகின்றன. பல் சிகிச்சை அந்த வரிசையில் நான்காவது, அவ்வளவே.

சிகிச்சையின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் 90-இல் முடிந்துவிடும். தவணையில் முதல் நாளே 3 போய்விடுவதால், அந்த 90-இல் 3 கழிய, உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் கடன் 87; திருப்பிச் செலுத்துவதோ 100. மாதம் ஏறக்குறைய ஐந்தரை வீதம் 18 மாதங்கள் கட்டினால், இது ஆண்டுக்குச் சுமார் 18 சதவீத வட்டிக்கு வாங்கிய கடனுக்குச் சமம். இதை வட்டியில்லாக் கடன் என்று சொல்வது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

அதைவிட முக்கியமானது, வெண்மை நிரந்தரமானதன்று என்பது. தேநீர், காபி, புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்குச் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கலாம். அப்போதும் தவணை ஓடிக்கொண்டிருக்கும், மீண்டும் ஒருமுறை செய்துகொள்ளலாமே என்ற பேச்சும் வரும்.

மருத்துவர் நாற்காலியில் ஒரே அமர்வில் செய்வது, ஈறுகளுக்குத் தடுப்புப் பூசி, 25 முதல் 40 சதவீதம் வரையிலான ஹைட்ரஜன் பெராக்சைடு ஜெல்லைப் பல்லில் வைக்கும் முறை. அதனுடன் சேர்த்து விற்கப்படும் நீல விளக்குக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். நிறத்தை மாற்றுவது ஜெல்தான், விளக்கினால் நிலையான கூடுதல் பலன் கிடைப்பதற்கு உறுதியான சான்று இல்லை. அமர்வு முடிந்ததும் கண்ணாடியில் தெரியும் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பங்கு, பல் உலர்ந்ததால் வருவது. சில நாட்களில் அது சற்றுக் குறைந்துவிடும்.

உங்கள் பல் அளவுக்கு மருத்துவர் செய்து தரும் ட்ரேயில் (பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் அச்சு), 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை இட்டு, அவர் சொன்னபடி வீட்டில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் அணிவது இன்னொரு முறை. பொதுவாக இதற்குச் செலவு குறைவு, ட்ரேயும் உங்களிடமே இருக்கும். பின்னால் மங்கினால் ஜெல் மட்டும் வாங்கினால் போதும். இரண்டிலுமே தற்காலிகமாகப் பல் கூச்சம் வரலாம். முதலில் ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையையும் கறையையும் மருத்துவர் சுரண்டிச் சுத்தம் செய்வது) மட்டும் செய்து பாருங்கள். மேற்பரப்புக் கறைதான் காரணம் என்றால் அதிலேயே உங்கள் குறை தீர்ந்துவிடக்கூடும்.

கைப்பேசித் தவணை முடியட்டும். அந்தத் தொகையை மாதந்தோறும் தனியே சேர்த்து, உங்களுக்கு மட்டும் ரொக்கமாகக் கட்டுங்கள். மடிக்கணினித் தவணையை அடுத்த மாதத்திலிருந்து அக்காவே கட்டட்டும் என்பதையும் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேப் எந்த ஜெல்லுக்கும் வெளுக்காது. சுற்றியுள்ள பற்கள் வெளுத்தால் அது மட்டும் மஞ்சளாகத் தனித்துத் தெரியும். அதை மாற்றும் செலவையும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக் கணக்கில் சேருங்கள். புதிய கேப்புக்கான நிறத்தை, வெண்மையாக்கி இரண்டு வாரங்களாவது கழிந்து நிறம் நிலைத்த பின்னரே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.