குளிர்நாட்டு அல்லிக்கு வெந்நீர் ஆகாது: தோட்டம் கேள்வி-பதில்

போன இதழில் ஹார்டி அல்லி, அதாவது குளிர் தாங்கும் அல்லி வகை பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கே இவ்வளவு கடிதங்கள் வந்துவிட்டதால் இந்த மாதம் வேறு செடிக்கு இடமில்லை, முழுக்க அல்லிதான். மா, கொய்யா பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி வாசகி: மொட்டைமாடியில் கறுப்பு பிளாஸ்டிக் டப்பில் அடர்சிவப்பு ஹார்டி அல்லி வைத்திருக்கிறேன். தை, மாசியில் அருமையாகப் பூத்தது. ஏப்ரல் பிறந்ததும் பூ விரிந்த அன்றே இதழ் ஓரம் கருகுகிறது. இலையும் சிறுத்துவிட்டது. உரம் போதவில்லையா?

உரத்தில் குறையில்லை அம்மா, தண்ணீர்தான் சூடாகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு டப்புக்குள் முழங்கை வரை விட்டுப் பாருங்கள். குளிக்க இதமான சூடு இருந்தால் அல்லிக்கு அது அதிகம்.

ஹார்டி வகைகளின் முன்னோர் பெரும்பாலும் ஐரோப்பாவின் வெள்ளை அல்லியும் வட அமெரிக்காவின் வாசனை அல்லியும். மேலே பனிக்கட்டி மூடினாலும் அடிச்சேற்றில் கிழங்கு உயிரோடு கிடந்து, வசந்தத்தில் துளிர்க்கும். அப்படிப்பட்ட செடி குளிருக்கு அஞ்சாது. நாற்பது லிட்டர் டப்பில், சித்திரை வெயிலில், 35 டிகிரியைத் தாண்டிச் சூடேறிய தண்ணீரில் நாள் முழுக்க நிற்பதுதான் அதற்குத் தண்டனை. நம் சமவெளியில் ஹார்டி அல்லி வளர்ப்பவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். தொட்டியின் அளவு, நிறம், இடம், வகை எல்லாமே இதிலிருந்துதான் வரும்.

தண்ணீர் அதிகமாக இருந்தால் சூடு மெதுவாக ஏறும். தரையில் இடம் இருந்தால் டப்பை விளிம்பு வரை மண்ணில் புதைத்துவிடுங்கள், அதுதான் சிறந்த வழி. மாடியை விட்டால் வேறு இடமில்லை என்றால் வெளிர் நிறத்தில், இருநூறு லிட்டராவது பிடிக்கிற அகலத் தொட்டிக்கு மாற்றி, வெளிப்புறம் ஈரச் சாக்கு சுற்றுங்கள். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் கிடைத்தால் பூக்கும். மதியம் ஒரு மணிக்கு மேல் நிழல்வலையின் நிழல் விழட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் இருநூறு லிட்டர் என்பது மூன்று பேர் எடை. தளத்தின் நடுவில் வைக்காமல் தூண், சுவர் இருக்கும் ஓரத்தில் வையுங்கள். அதைவிடப் பெரிதாக வைப்பதென்றால் பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள்.

அப்புறம் வகை. கறுப்போடிய சிவப்புதான் வெயிலில் முதலில் கருகும். மஞ்சளுக்குப் போங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். தென்மேற்குப் பிரான்ஸில் லெ தாம்ப்ள்-சுர்-லோ என்ற ஊரில் 1875-இல் அல்லி நர்சரி தொடங்கியவர் ஜோசப் போரி லத்தூர்-மார்லியாக். அதுவரை குளிர்நாட்டுக் குளங்களில் வெள்ளை அல்லிதான் சாதாரணம். ஸ்வீடனின் ஃபாகர்டேர்ன் ஏரிச் சிவப்பையும், ஃப்ளோரிடா, மெக்சிகோ பக்கத்து மஞ்சள் அல்லியையும் கொண்டுவந்து கலந்து, வண்ண வண்ணமாக உருவாக்கி 1889 பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் வைத்தார். ஓவியர் மோனே தம் ஜிவெர்னி குளத்துக்கு அல்லி வாங்கியது அவரிடம்தான். அந்த மெக்சிகோ மஞ்சளின் ரத்தம் ஓடுகிற வகைகள் சூட்டை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குகின்றன. மார்லியாக்கின் ‘குரோமட்டெல்லா’ இன்றும் கிடைக்கிறது. டெக்சஸ் வெயிலில் பிறந்த ‘டெக்சஸ் டான்’, ‘ஜோயி டோமோசிக்’ இரண்டும் மஞ்சள்தான். இந்த மூன்றில் எது கிடைத்தாலும் தைரியமாக வாங்குங்கள். உங்கள் சிவப்பைத் தூக்கி எறிய வேண்டாம். நிழலில் ஓய்வு கொடுங்கள், ஐப்பசி மழைக்குப் பிறகு திரும்பப் பூக்கும்.

கோத்தகிரி வாசகர்: வீட்டு முன்னால் 10-க்கு 6 அடி, இரண்டடி ஆழத்தில் புதிதாக சிமென்ட் குளம் கட்டியிருக்கிறோம். அடியில் நேரே மண் கொட்டி அல்லி நடலாமா, தொட்டியில் நட்டு இறக்கலாமா? என்ன மண்?

உங்கள் ஊர்க் குளிருக்கு எந்த ஹார்டி வகையும் வரும். திருச்சி வாசகியால் காப்பாற்ற முடியாத சிவப்பெல்லாம் உங்களிடம் கொழிக்கும்.

முதலில் சிமென்ட். புதுப் பூச்சிலிருந்து சுண்ணாம்புக் காரம் கசிந்துகொண்டே இருக்கும், செடியையும் மீனையும் அது வாட்டும். நீரை நிரப்பி நாலைந்து நாள் விட்டுத் திறந்துவிடுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்த பிறகு, வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். மீன் தொட்டி கட்டுகிறவர்கள் காலங்காலமாகச் செய்வது இது. வண்ணமீன் கடையில் கிடைக்கும், காரம் காட்டும் பிஹெச் காகிதத்தில் 8-க்குக் கீழே காட்டினால் நடலாம்.

தொட்டியில் நட்டு இறக்குங்கள். அடியில் நேரே நட்டால் கிழங்கு தன் இஷ்டத்துக்கு ஓடும், பிறகு பிரித்தெடுக்கக் குளத்தையே வடிக்க வேண்டிவரும். பாத்திரம் அகலமாக இருக்கட்டும், ஆழம் வேண்டாம். 14 அங்குல அகலம், 7 அங்குல உயரம் உள்ள பிளாஸ்டிக் பேசின் போதும்.

மண்ணில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மாடித்தோட்டத்துக்கு வாங்கிய தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் மிச்சம் இருக்கிறதே என்று அதைப் போடுகிறார்கள். நார் மிதக்கும், உரம் அழுகும், தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்து நாறும். அல்லிக்கு வேண்டியது கனமான வயல் களிமண் அல்லது குளத்து வண்டல். ஈரமண்ணை எலுமிச்சை அளவு உருட்டி முழங்கால் உயரத்திலிருந்து போடுங்கள், உடையாவிட்டால் அதுதான் நீங்கள் தேடிய மண். பேசினின் அடியில் ஒரு கைப்பிடி எலும்புத்தூள் தூவி, மேலே இந்த மண்ணை அழுத்தி நிரப்புங்கள்.

இப்போது கிழங்கைக் கையில் எடுங்கள். இஞ்சி மாதிரி படுக்கையாக, கணுக்கணுவாக இருக்கும். ஒரு முனையில் செம்பழுப்பாகச் சுருண்ட குட்டி இலைகளும் நடுவில் குருத்தும் தெரியும். மறுமுனை மொட்டையாக, வெட்டுப்பட்டு இருக்கும். அந்த வெட்டை நகத்தால் கீறுங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் நல்ல கிழங்கு. கறுத்துக் கொழகொழத்து வாடை அடித்தால் அழுகல், வெள்ளை தெரியும் வரை சீவி எறியுங்கள். மொட்டை முனையைப் பேசினின் ஓரச் சுவரோடு ஒட்டி, குருத்து நடுவைப் பார்க்கும்படி, சாய்வாகப் புதையுங்கள். குருத்து மண்ணுக்கு மேலேதான் இருக்க வேண்டும். பாசத்தில் அதையும் மூடிவிட்டால் அழுகிவிடும். மேலே ஓர் அங்குலம் ஆற்று மணலோ கூழாங்கல்லோ பரப்புங்கள், மீன் கிளறாது.

ஒரேயடியாக இரண்டடி ஆழத்துக்கு இறக்காதீர்கள். செங்கல் அடுக்கி, குருத்துக்கு மேல் ஒரு ஜாண் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். இலை மேலே வந்து படரப் படர ஒவ்வொரு செங்கல்லாக எடுத்து, கடைசியில் ஒன்று ஒன்றேகால் அடி ஆழத்தில் நிறுத்துங்கள். முதலில் தண்ணீருக்குள்ளேயே சின்ன இலைகள் வரும், செடி வேர் பிடிக்கிறது என்று அர்த்தம். ஒரு மாதம் கழித்து உரம். ஒரு ஸ்பூன் டிஏபியைக் களிமண் உருண்டைக்குள் வைத்து மூடி, காயவைத்து, கிழங்கிலிருந்து நாலு விரல் தள்ளி மண்ணுக்குள் ஆழமாக அழுத்துங்கள். தண்ணீரில் தூவினால் பாசிக்குத்தான் விருந்து.

மதுரை வாசகர்: ஆன்லைனில் ‘நீல நிற ஹார்டி அல்லி’ விதை பாக்கெட் வாங்கினேன். முளைக்கவே இல்லை.

முளைத்திருந்தாலும் படத்தில் பார்த்த பூ வந்திருக்காது. கலப்பின ஹார்டிகளில் பல, விதையே பிடிக்காது. பிடித்தாலும் தாய் போலவே பூக்கும் என்று சொல்ல முடியாது. ஹார்டியில் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு, பழுப்பாரஞ்சு உண்டு. நீலத்துக்காக உலகம் முழுக்க வளர்ப்பாளர்கள் நூறாண்டுக்கு மேல் பாடுபட்டும், தாய்லாந்தின் பைராட் சோங்பானிச் 2007-இல்தான் ‘சியாம் ப்ளூ ஹார்டி’யை எட்டினார். அப்படி ஒன்று ஐம்பது ரூபாய் பாக்கெட்டில் வராது. நம் ஊரில் நீல ஹார்டி என்று விற்கும் செடி பெரும்பாலும் வெப்பமண்டல நீல அல்லிதான். பார்த்தாலே தெரியும். இலை ஓரம் பல் பல்லாக இருக்கும், பூ தண்ணீருக்கு மேலே ஒரு ஜாண் எழுந்து நிற்கும். ஹார்டியின் இலை ஓரம் வழவழப்பு, பூவும் தண்ணீரை ஒட்டியே கிடக்கும். உண்மையில் மதுரைக்கு அந்த வெப்பமண்டல நீலமே நல்ல செடி. விதையாக வாங்காமல் செடியாக வாங்கி வையுங்கள்.

சேலம் வாசகி: பூ மதியமே மூடிக்கொள்கிறது. முதல் நாள் பூவின் நடுவில் தண்ணீர் தேங்கி, அதில் ஒரு தேனீ செத்துக் கிடந்தது. நாலாம் நாள் பூவே மூழ்கிவிட்டது. நோயா?

நோயில்லை. நீங்கள் பார்த்தது ஹார்டி அல்லியின் முழு வாழ்க்கை. இவ்வளவு கூர்ந்து பார்த்து எழுதியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதல் நாள் விரியும்போது அது பெண் பூ. நடுவில் உள்ள கிண்ணத்தில் லேசாக இனிக்கும் ஒரு திரவம் நிற்கும். மகரந்தக் கேசரங்கள் அதைச் சுற்றி விறைப்பாக நிற்பதால், வேறு பூவில் இருந்து மகரந்தம் பூசிக்கொண்டு வரும் பூச்சி வழுக்கி அதில் விழுகிறது. அதன் மேல் இருக்கும் மகரந்தம் திரவத்தில் கழுவப்பட்டுச் சூல்முடியில் படிகிறது. பெரும்பாலான பூச்சிகள் நீந்திக் கரையேறிவிடும், சில ஏறுவதில்லை. மறுநாள் அதே பூவைப் பாருங்கள். திரவம் வற்றியிருக்கும், உள்கேசரங்கள் வளைந்து கிண்ணத்தை மூடியிருக்கும், வெளிக்கேசரங்களில் மஞ்சள் தூள் ஒட்டும். இப்போது அது ஆண் பூ, பூச்சிக்கு ஆபத்தில்லை. மூன்று நான்கு நாளில் காம்பு வளைந்து பூவைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். மதியம் மூடுவது இயல்பு. மாலையில் வீடு திரும்புகிறவர்கள் பூவையே பார்க்க முடியவில்லை என்று வருத்தப்பட்டு எழுதுகிறார்கள். அவர்களுக்கு இரவில் மலரும் நம் வெள்ளாம்பலும் செவ்வாம்பலும் இருக்கின்றன.

நாகர்கோவில் வாசகி: தண்ணீர் பச்சையாகிறது, வாரம் ஒருமுறை மாற்றுகிறேன். கொசு வருமென்று பக்கத்து வீட்டில் சண்டை.

பக்கத்து வீட்டார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. டெங்கு கொசு தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். ஆறேழு கப்பி மீன் விடுங்கள், புழு மிஞ்சாது. மீனுக்குத் தீனி அள்ளிக் கொட்டாதீர்கள், பசித்தால்தான் வேட்டையாடும். தண்ணீர் மாற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு பாசிக்கும் புதுச் சத்து வருகிறது. ஹைட்ரில்லா என்கிற வேலம்பாசியை ஒரு கொத்து போட்டு, அல்லி இலை மேற்பரப்பில் பாதிக்கு மேல் மூடும்வரை பொறுங்கள், தானே தெளியும். குறைந்த தண்ணீரை மட்டும் ஈடுகட்டினால் போதும்.

கனடா, ஸ்காபரோ வாசகர்: எங்கட பின்வளவில ரெண்டரை அடி ஆழத்தில சின்னக் குளம் ஒண்டு. இந்த முறை அல்லி வைச்சனான், நல்லாப் பூத்தது. குளிருக்கு வெளியில எடுக்க வேணுமோ?

எடுக்கவேண்டியதில்லை ஐயா. ஒன்ராறியோ ஏரிகளில் வாசனை அல்லி காட்டுச்செடியாகவே வளர்கிறது. ஆகஸ்ட் கடைசியோடு உரத்தை நிறுத்துங்கள். அக்டோபரில் இலை பழுத்ததும் காம்புகளை இரண்டங்குலம் விட்டு வெட்டி, செடி நட்ட கூடையைக் குளத்தின் மிக ஆழமான இடத்துக்கு இறக்குங்கள். மேலே பனிக்கட்டி கட்டலாம், கிழங்கு இருக்கும் சேறு உறையக் கூடாது, அவ்வளவுதான். ஆழமில்லாத மரப்பீப்பாயில் வைத்திருப்பவர்கள் கூடையோடு எடுத்து, ஈரம் காயாதபடி பிளாஸ்டிக் பையில் கட்டி, உறையாத குளிர்ந்த நிலவறையில் வைக்கலாம். மாதம் ஒருமுறை ஈரம் பாருங்கள். மீன் இருந்தால் பனிக்கட்டியில் ஒரு துளை திறந்தே இருக்க வேண்டும். அதைச் சுத்தியலால் அடித்து உடைக்காதீர்கள், அதிர்ச்சி மீனைத் தாக்கும். கொதிநீர்ப் பாத்திரத்தை மேலே வைத்து உருக்குங்கள். மே மாதம் கூடையை மேலே தூக்குங்கள். ‘எஸ்கார்பூக்ல்’ என்ற சிவப்பை வைத்துப் பாருங்கள், இங்கே நாங்கள் ஏங்குகிற செடி.

ஈரோடு வாசகர்: குளத்தில் ஃபவுண்டன் போடலாமா?

அல்லி இருக்கும் பக்கம் வேண்டாம். இலை மேல் ஓயாமல் தண்ணீர் தெளித்தால் செடி நலிந்துவிடும்.

தஞ்சாவூர் வாசகி: பூ குறைந்துவிட்டது. இலைகள் நெருக்கியடித்துத் தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்கின்றன. சில இலைகளில் கறுப்பு அசுவினி வேறு.

அசுவினிக்கு மருந்து அடிக்காதீர்கள், மீன் செத்துவிடும். குழாயால் பீய்ச்சித் தண்ணீரில் தள்ளினால் மீனே தின்றுவிடும். மோசமான இலையைக் கிள்ளி எறியுங்கள்.

இலை எழும்பி நிற்பது இடநெருக்கடி. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நட வேண்டும். பேசினைத் தூக்கி, மண்ணைக் கழுவி, குருத்துள்ள முனையிலிருந்து நாலைந்து அங்குலத்தைக் கூரிய கத்தியால் வெட்டி, கோத்தகிரி வாசகருக்குச் சொன்னபடி புது மண்ணில் நடுங்கள். பக்கக் கிளைகளில் குருத்து இருந்தால் அவையும் தனிச் செடிதான், கேட்டவர்களுக்குக் கொடுங்கள். மிஞ்சியதை மட்டும் தயவுசெய்து ஊர்க் குளத்திலோ வாய்க்காலிலோ போட்டுவிடாதீர்கள். நான் மேலே புகழ்ந்த அதே மெக்சிகோ மஞ்சள் அல்லி, தென்னாப்பிரிக்காவில் நீர்நிலைகளை அடைத்துக்கொண்டு களையாகப் பரவிக் கிடக்கிறது. உங்கள் பக்கத்துக் குளங்களில் நம் ஆம்பலும் நெய்தலும் இன்னும் இருக்கின்றன, அந்த இடம் அவற்றுக்கே இருக்கட்டும். வேண்டாத கிழங்கை மாடியில் நன்றாக வெயிலில் காயவைத்து, சருகாக நொறுங்கிய பிறகு எருக்குழியில் சேருங்கள்.