சுழல் உதையா, அடிப்படையா? தற்காப்பு கேள்வி பதில்

கேள்வி: ஒரு வருஷமா கராத்தே, மஞ்சள் பெல்ட். சுழன்று உதைக்க எப்போ சார் சொல்லித் தருவாங்க? தெருச்சண்டைக்கு அதுதானே வேணும்?

பதில்: வேண்டாம். இறுக்கமான பேன்ட், ஈரத் தரை, ஒற்றைக் கால், எதிராளிக்குக் காட்டும் முதுகு. எல்லாம் சேர்ந்தால் விழப்போவது நீங்கள்தான். மேகெரியை, அதாவது நேர் முன் உதையை, இடுப்புக்கு மேல் தூக்காமல் உதைத்து, காலை உடனே இழுத்துக்கொள்ளப் பழகுங்கள்.

கேள்வி: மணிக்கட்டுப் பிடியிலிருந்து வகுப்பில் சுலபமா வெளியே வர்றேன். வீட்டில் அண்ணன் பிடிச்சா முடியல. ஏன் மாஸ்டர்?

பதில்: வகுப்பில் ஜோடியாக நிற்பவர் விட்டுக்கொடுக்கிறார், அதனால்தான். வீட்டில் நீங்கள் கையைப் பின்னால் இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது வெறும் கைபலப் போட்டி, அண்ணன்தான் ஜெயிப்பார்.

பிடியில் பலவீனமான இடம், அவருடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளி. உங்கள் மணிக்கட்டின் ஒல்லியான விளிம்பை அந்தப் பக்கம் திருப்புங்கள். பின்வாங்காமல் ஓர் அடி அவர் பக்கம் வையுங்கள். முழங்கையை மடக்கி அவருடைய முழங்கையை நோக்கிக் கொண்டுபோங்கள், இடுப்பும் கூடவே திரும்பட்டும். அண்ணனை முதலில் பாதி பலத்தோடு பிடிக்கச் சொல்லுங்கள், பிறகு முழுப் பலத்தோடு, பிறகு பிடித்தபடியே இழுக்கச் சொல்லுங்கள். அந்த மூன்றாவதில் வெளியே வரத் தெரிந்தால்தான் வித்தை கைவந்தது. கை விடுபட்டதும் நிற்காமல் ஓடுங்கள்.

கேள்வி: கத்தியைப் பறிக்க எளிய வழி?

பதில்: இல்லை. ஓடுங்கள். முடியாவிட்டால் பையையோ நாற்காலியையோ நடுவில் வையுங்கள்.

கேள்வி: பன்ச்சிங் பேக் குத்தினா சுண்டுவிரல் பக்கம் வலிக்குது.

பதில்: அந்த விரல் முட்டியால் குத்துகிறீர்கள், அதன் பின்னால் இருக்கும் எலும்பு சீக்கிரம் முறியும். ஆட்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள்தான் பட வேண்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது, கட்டைவிரல் வெளியே இருக்கட்டும். கையுறை இல்லாமல் முகத்தில் அடிக்க நேர்ந்தால் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடிப்பது மேல்.

கேள்வி: தனியா வரிசையா அசைவு செய்யற கட்டா எல்லாம் சும்மா நடனம். நேரா ஜோடியா மோதுற ஸ்பாரிங் போனா என்ன?

பதில்: ஹெயான் ஷோடான் என்ற தொடக்கநிலைக் கட்டாவின் நான்காவது அசைவைப் பாருங்கள். முன்கால் சற்றுப் பின்வர, வலது கை வட்டமாக எழுந்து முஷ்டியின் அடிப்பக்கத்தால் இறங்கும். மேலே அண்ணனின் பிடிக்குச் சொன்ன மணிக்கட்டு விடுவிப்பாகத்தான் பலரும் அதைச் சொல்லித் தருகிறார்கள். ஜோடி இல்லாமல் காற்றிலேயே செய்துகொண்டிருந்தால் நீங்கள் சொல்வது சரி, நடனம்தான்.

கேள்வி: அப்போ கட்டா வேண்டாம்னு நீங்களே ஒத்துக்கறீங்க!

பதில்: ஒத்துக்கொள்ளவில்லை. 1882இல் கோடோகான் என்ற ஜூடோப் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ ஜூடோவிலும் கட்டாவை விடவில்லை. ஆனால் ரண்டோரி என்ற இணைப் பயிற்சியில் குத்து, உதை போன்ற ஆபத்தானவற்றுக்கு இடம் தரவில்லை. அதனால் மாணவர்கள் எதிர்த்துத் திமிறும் ஆளைத் தினமும் முழுப் பலத்தோடு எறிந்து பழக முடிந்தது. கண்ணைக் குத்தும் வித்தையை யார்மேல் முழு வேகத்தில் பழகுவீர்கள்? முழு வேகத்தில் பழகியதுதான் பதற்றத்தில் கைகொடுக்கும். உங்களுக்குக் கட்டாவும் வேண்டும், திமிறும் ஜோடியும் வேண்டும்.

கேள்வி: சிலம்பம் உதவுமா அண்ணா?

பதில்: காலடி உதவும், வெறுங்கையால் மோதும் குத்துவரிசை இன்னும் உதவும். நெற்றி உயரக் கம்பைப் பேருந்துக்குள் வீச முடியாது.

கேள்வி: திருப்பி அடிச்சா கேஸ் வருமா?

பதில்: பாரதிய நியாய சன்ஹிதா என்ற இந்தியக் குற்றவியல் சட்டத்தின் 35ஆம் பிரிவு தற்காப்பு உரிமை தருகிறது. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்கிறது 37ஆம் பிரிவு. விழுந்தவனை மிதித்தால் அது தற்காப்பில் சேராது.

கேள்வி: யூடியூபில் கத்தி பறிக்கும் வீடியோ பார்த்தேன், சரியா?

பதில்: மேலே பாருங்கள். ஓடுங்கள்.