ஸ்பிதிக்கு எந்தப் பக்கமாக ஏறுவது?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் நாங்கள் நான்கு பேர் காரில் ஹிமாச்சலில் இருக்கும் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகிறோம். மணாலி வழியாக ஏறி, அங்குள்ள முக்கிய ஊரான காசா பார்த்துவிட்டு, சிம்லா வழியாக இறங்கத் திட்டம். ஆறு நாள் போதுமா?

பதில்: மாதம் சரி. மழையும் மண்சரிவும் குறைந்திருக்கும், மணாலி பக்கத்துப் பாதையிலுள்ள குன்சும் கணவாயும் வழக்கமாகத் திறந்திருக்கும். ஆனால் வழியைத் திருப்பிப் போடுங்கள். சிம்லா பக்கம் ஏறி மணாலி பக்கம் இறங்குங்கள்.

மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காசா 3,700ஐ ஒட்டி. 200 கிலோமீட்டர்தானே என்று ஒரே நாளில் ஏறினால், உடம்பு பழகுவதற்குள் அங்கே தூங்க வேண்டிவரும். அன்று ராத்திரியே தலைவலியும் வாந்தியும் தொடங்கலாம். 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. நார்கண்டா, கல்பா, தாபோ என்று ஒவ்வொரு ராத்திரி தங்கிப் போனால் இந்தக் கணக்கு தானாகவே அமைந்துவிடும். 996இல் கட்டிய தாபோ மடாலயத்தையும் அவசரமில்லாமல் பார்க்கலாம். காசாவில் இரண்டு ராத்திரி தங்குங்கள். லாங்சா, ஹிக்கிம் போன்ற மேல் ஊர்களைப் பகலில் பார்த்துவிட்டு இறங்கி வந்து படுங்கள். சந்திரதால் ஏரி சுமார் 4,300 மீட்டர், அதைக் கடைசிக்கு வையுங்கள். ஆக, ஆறு நாள் போதாது, சண்டிகரிலிருந்து எட்டு நாள் வேண்டும். பாதை அடைபட்டால் சமாளிக்க இன்னொரு நாளைச் சும்மா விட்டுவையுங்கள். அந்த நாளில் எதையும் திணிக்காதீர்கள்.

அப்புறம் காற்று. இதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. வெயில் ஏறி மலைச்சரிவு சூடானதும் காற்று பள்ளத்தாக்கு வழியே மேல்நோக்கி இழுக்கப்படும். மதியத்துக்கு மேல் புழுதியோடு பலமாக வீசும், பொழுது சாயும்போதுதான் தணியும். மேலே பனி உருகுவதும் வெயிலோடுதான். அதனால் சாலையின் குறுக்கே ஓடும் நாலாக்களில் (மலை ஓடைகளில்) பிற்பகலில் தண்ணீர் ஏறிவிடும். மணாலி பக்கம் இறங்கும்போது பாதல் என்ற இடம் முதல் கிராம்ஃபு வரை சாலை மோசம், நாலாக்களும் அங்கேதான் அதிகம். ஆகவே விடியும்போதே கிளம்பி மதியத்துக்குள் வண்டியை நிறுத்திவிடுங்கள். காரின் கூரைமேல் மூட்டை கட்டாதீர்கள். நிறுத்தினால் கதவைக் கையில் பிடித்துக்கொண்டே திறங்கள். காற்று பின்னாலிருந்து அடித்தால் கதவின் கீல் மடங்கிவிடும்.

பெட்ரோலை ரெக்காங் பியோவுக்குக் கீழே பவாரியில் நிரப்புங்கள், காசாவில் மறுபடி நிரப்புங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். தரை உயரமான வண்டியாகப் பாருங்கள், உதிரி டயரில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

யாருக்காவது இதய நோயோ நுரையீரல் நோயோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் புறப்பட வேண்டாம். உயரத்தில் ஒருவர் தள்ளாடி நடந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டி, உடனே கீழே இறக்குங்கள்.