யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்: சீல் மாற்றியும் போர்க்கில் ஆயில் கசிவு

நண்பரே, ஒரே வருடத்தில் இரண்டு தடவை சீல் (ஆயிலை வெளியே விடாத ரப்பர் வளையம்) மாற்றியும் இடது போர்க்கில், அதாவது முன்சக்கரத்தின் இடது ஷாக் அப்சார்பரில், ஆயில் கசிகிறது என்கிறீர்கள். சீலைத் திட்டிப் பயனில்லை, சீலுக்குள் போய்வரும் போர்க் பைப்பைப் பாருங்கள். சீல் ஏறி இறங்கும் இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு நகத்தால் மேலிருந்து கீழே வருடுங்கள். நகம் மாட்டுகிற இடத்தில் துருக்குழி இருக்கும். புது சீலின் விளிம்பை அதுதான் அறுக்கிறது. என் வண்டியில் கடுகளவு குழிதான், மூன்று சீலைத் தின்றது! ஒன்றிரண்டு புள்ளி என்றால் குழியின் ஓரத்தை மட்டும் 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) மழுக்கிப் பார்க்கலாம். நிறைய இருந்தால் ஹார்டு குரோம் (கெட்டியான குரோம் பூச்சு) போட்டு கிரைண்டிங், இல்லையென்றால் புது பைப். குரோமுக்குக் கொடுக்கும் முன் பைப்பைக் கண்ணாடிமேல் உருட்டி வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த பைப்புக்கு அந்தச் செலவு வீண். அப்புறம், சீலில் ஸ்பிரிங் தெரியும் பக்கம் கீழே இருக்க வேண்டும். கசிந்த ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கியிருந்தால் பிரேக் ஷூவையும் மாற்றிவிடுங்கள்.