இன்ஜின் திறனைக் கூட்டிய காருக்குக் காப்பீடு: சொல்வதா, மறைப்பதா?

கேள்வி: கோவையில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். 2021இல் வாங்கிய என் ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ காருக்குக் கடந்த ஆண்டு ஈசியூ ரீமேப் செய்து (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றி), காற்று உள்ளே செல்லும் ஏர் இன்டேக்கை மாற்றி, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப் (புகை வெளியேறும் குழாய்) பொருத்தினேன். 1.6 லட்சம் ரூபாய் செலவானது. 110 பிஎஸ் (குதிரைத்திறன்) இப்போது இன்ஜின் திறனை அளக்கும் டைனோ சோதனையில் 140ஐத் தொடுகிறது. அடுத்த மாதம் பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும். ஐடிவி (பாலிசியில் காருக்கு வைத்திருக்கும் மதிப்பு) 5.2 லட்சம் ரூபாய், நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான தள்ளுபடி) 45 சதவீதம். யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஆன்லைனில் புதுப்பித்துவிடச் சொல்கிறார் முகவர். சொன்னால் பிரீமியம் எவ்வளவு கூடும்? மாற்றிய பாகங்களுக்கும் காப்பீடு கிடைக்குமா? இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் தன் காருக்கு அப்படித்தான் எடுத்திருக்கிறார்.

பதில்: முகவர் சொன்னபடி செய்யாதீர்கள். அதே நேரத்தில், நிறுவனத்திடம் சொல்லிக் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் மாற்றியமைத்த கார்களுக்கென்றே பாலிசி தரும் நிறுவனங்கள் உண்டு. என்ன மாற்றினோம் என்பதை அறிவித்து, அதற்கான பிரீமியத்தைச் செலுத்திக் காப்பீடு பெறுவது அங்கே வழக்கமான நடைமுறை. இந்தியாவில் காப்பீட்டுக்கு முன்பாகவே மோட்டார் வாகனச் சட்டம் குறுக்கே நிற்கிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின் நோக்கத்தை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று தண்டனையை வரையறுத்தது. சிஎன்ஜி, எல்பிஜி கருவி பொருத்துவது, மாற்றுத்திறனாளிகளுக்காக வாகனத்தை மாற்றுவது போன்றவற்றுக்கு உரிய வழிமுறையோடு விலக்கு உண்டு. வேகத்துக்காகச் செய்யும் டியூனிங்குக்கு அப்படி ஒரு கதவு இல்லை. உங்கள் ஆர்சி (பதிவுச் சான்றிதழ்) புதிய வகை ஸ்மார்ட் கார்டாக இருந்தால் அதைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். சிசியும் (இன்ஜினின் கன அளவு) குதிரைத்திறனும் ஒரே வரியில் அச்சாகியிருக்கும். டைனோ தாளில் இருக்கும் எண்ணும் அந்த வரியில் இருக்கும் எண்ணும் இன்று ஒன்றல்ல. மென்பொருளை மட்டும் மாற்றியது சட்டப்படி 'மாற்றம்' ஆகுமா என்று வழக்கறிஞர்கள் வாதிட இடமிருக்கலாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றியது புகைக் கட்டுப்பாட்டு அமைப்பையே கழற்றியதாகும் என்பதால், அதற்கு அந்த வாதமும் உதவாது.

பிரீமியம் எவ்வளவு கூடும் என்பதற்குப் பட்டியலைப் பார்த்துச் சொல்லும் விடை கிடையாது. பிறருக்கு ஆகும் இழப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணத்தை அரசு இன்ஜினின் கன அளவை வைத்து நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 சிசிக்கு மிகாத தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,000க்கு மேல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கும் மேல் 7,897 ரூபாய். உங்கள் இன்ஜின் 999 சிசி. 110 பிஎஸ் கொடுத்தாலும் 140 கொடுத்தாலும் அது முதல் வரிசையில்தான் நிற்கும். உங்கள் காருக்கே ஆகும் சேதத்துக்கான சொந்தச் சேதப் பகுதியின் கட்டணம் 2007 முதல் நிறுவனங்களின் கையில் இருக்கிறது. ஐடிவி, கன அளவு, காரின் வயது, பதிவான ஊர் ஆகியவற்றை வைத்து அவை கணக்கிடுகின்றன. கூடுதல் குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டம் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே நீங்கள் சொன்னதும் கணினித் திரையில் ஒரு தொகை வந்து நிற்காது. கோப்பு, காப்பீட்டை ஏற்பதா என்று முடிவுசெய்யும் நிறுவன அதிகாரியான அண்டர்ரைட்டரிடம் போகும். அவர் ஏற்கலாம், கூடுதல் தொகை கேட்கலாம், மாற்றத்தை நீக்கிவிட்டு வரச் சொல்லலாம், சொந்தச் சேதக் காப்பீட்டை மறுக்கவும் செய்யலாம்.

பாகங்களுக்கான காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் போன்ற துணைப் பொருள்களின் மதிப்பைத் தனியே அறிவித்துப் பாலிசியில் சேர்க்கலாம். சட்டம் அனுமதிக்காத பாகத்துக்கு அந்த வழி திறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ரீமேப்பின் அழுத்தம் தாங்காமல் டர்போவோ பிஸ்டனோ போனால், அது இயந்திரக் கோளாறு என்ற பொது விலக்கில் போய்ச் சேரும். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு பெரும்பாலும் தண்ணீர் புகுந்தோ ஆயில் கசிந்தோ இன்ஜின் பழுதாவதற்கானது. எனவே அந்த 1.6 லட்சத்தைச் செலவான பணமாகவே கணக்கில் எழுதிவிடுங்கள்.

உங்கள் கடிதம் முழுவதும் காரின் மதிப்பைச் சுற்றியே இருக்கிறது. எனக்குக் கவலை தருவது அதுவன்று. கார் முழுவதுமாகப் போனாலும் உங்கள் இழப்பு 5.2 லட்சத்தோடு நின்றுவிடும். உங்கள் காரால் இன்னொருவர் இறந்துபோனால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். இறந்தவருக்கு வயது 34, நிரந்தர வேலை, மாதம் 40,000 ரூபாய் சம்பளம், அவரை நம்பி வீட்டில் நான்கு பேர் என்று கொள்வோம். ஆண்டு வருமானம் 4.8 லட்சம். நாற்பது வயதுக்கு உட்பட்ட நிரந்தர ஊழியர் என்பதால் எதிர்கால உயர்வுக்காகப் பாதித் தொகை கூடும்; அது 7.2 லட்சமாகும். அவருடைய சொந்தச் செலவுக்காக நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 5.4 லட்சம் நிற்கும். 31 முதல் 35 வயது வரையானவர்களுக்குரிய பெருக்கெண் 16. பெருக்கினால் 86.4 லட்சம் ரூபாய். உச்ச நீதிமன்றம் 2009லும் 2017லும் வகுத்துக் கொடுத்த முறைப்படி விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயங்கள் இப்படித்தான் கணக்கிடுகின்றன; இறுதிச் சடங்குச் செலவு போன்ற தலைப்புகளில் வரும் தொகைகள் இதற்கு மேல்.

மூன்றாம் நபர் காப்பீட்டில் உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது. பிறர் சொத்துச் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் என்ற வரம்பு உண்டு. அதாவது மேலே கணக்கிட்ட 86.4 லட்சத்தையும் 2,094 ரூபாய்ப் பாலிசி தாங்கிக்கொள்ளும். அந்தப் பாதுகாப்பில்தான் முகவர் உங்களை ஓட்டை போடச் சொல்கிறார். முக்கியமான உண்மையை மறைத்துப் பெற்ற பாலிசி என்ற காரணத்தைத் தீர்ப்பாயத்தில் முன்வைத்துத் தன் பொறுப்பை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. பாலிசி நிபந்தனை மீறப்பட்ட பல வழக்குகளில் நீதிமன்றங்கள், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு வாகன உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டிருக்கின்றன. அந்தக் குடும்பத்துக்கு அது நியாயம். ஆனால் வசூலிக்க வரும்போது நிறுவனத்தின் கண்ணில் படுவது உங்கள் வீடும் சேமிப்பும் சம்பளமும்தான். ஒவ்வொரு புதுப்பிப்பும் ஒரு புதிய ஒப்பந்தம் என்பதையும் மறக்க வேண்டாம். போன ஆண்டு சொல்லாததை இந்த ஆண்டும் சொல்லாமல் விட்டால், அது தெரிந்தே இரண்டாம் முறை மறைத்ததாகிவிடும். பொறுப்பு கேட்கப்படும்போது முகவர் உங்களோடு நிற்க மாட்டார். முன்மொழிவுப் படிவத்தில் இருப்பது உங்கள் ஒப்புதல்.

யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பும் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், இதே போன்ற மாற்றங்களோடு ஓட்டிய காரைச் சாலைத் தடுப்பில் மோதிவிட்டார். பட்டறையில் காரை லிஃப்டில் ஏற்றியதும் காப்பீட்டுக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் அடியில் நின்று படம் எடுத்தார். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் புடைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரே பருமனில் நேராக ஓடிய பளபளப்பான குழாய் முதல் படத்திலேயே தெரிந்தது. அடுத்து ஸ்கேனரைச் செருகியபோது, தயாரிப்பாளரின் பதிவில் இருந்த மென்பொருள் எண்ணும் காரில் இருந்ததும் பொருந்தவில்லை. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பல ஈசியூக்களில் தங்கிவிடும். அவருக்கு வந்த மறுப்புக் கடிதத்தில் காரணம் ஒரே ஒரு வாக்கியம்தான்; அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் நீண்ட காலம் அலைந்தார். பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்த ஒரு வழக்கில், 2010இல் உச்ச நீதிமன்றம் கோரிக்கையை முற்றாக மறுக்காமல் 75 சதவீதத்தைக் கொடுக்கச் சொன்னதுண்டு. மீறல் வேறு, விபத்தின் காரணம் வேறு என்று காட்ட முடிகிறவர்களுக்கு அந்தத் தீர்ப்பு துணை நிற்கலாம். ஆனால் அது வழக்காடிப் பெறும் தொகை. நம்பித் திட்டமிடும் தொகையன்று.

என் பரிந்துரை, காரை முழுமையாகப் பழைய நிலைக்குத் திருப்புவது. கன்வெர்ட்டரோடு கூடிய மூல டவுன்பைப்பும் இன்டேக்கும் உங்களிடம் இருந்தால் செலவு பெரிதாக இராது. இல்லாவிட்டால் வாங்கத்தான் வேண்டும், கழற்றும் பாகங்களை விற்று ஒரு பகுதியை மீட்கலாம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் மூல மென்பொருளை ஏற்றி, என்ன செய்யப்பட்டது என்று தேதியோடு எழுதிய ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். புதிய புகைச் சான்றிதழும் எடுங்கள். பிறகு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் இப்படி எழுதலாம்: "எனது காரில் சென்ற ஆண்டு ஈசியூ மென்பொருள், ஏர் இன்டேக், டவுன்பைப் ஆகிய மூன்றும் மாற்றப்பட்டிருந்தன. அவை மூன்றும் இன்ன தேதியில் நீக்கப்பட்டு, மூல பாகங்களும் மூல மென்பொருளும் பொருத்தப்பட்டுள்ளன. ரசீதும் படங்களும் இணைத்துள்ளேன். தேவையானால் காரை நேரில் ஆய்வு செய்து, புதுப்பிப்பை ஏற்பதை எழுத்தில் உறுதிசெய்யக் கோருகிறேன்." தொலைபேசியில் கிடைக்கும் சம்மதம் போதாது.

இதையெல்லாம் பாலிசி முடியும் நாளுக்குள் செய்துவிட வேண்டும். முடிந்து 90 நாள் கடந்தால் 45 சதவீத போனஸ் போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து, இடைப்பட்ட நாள்களில் காப்பீடே இல்லாத காரைச் சாலையில் எடுப்பது. ஒரு நாள்கூட அப்படி எடுக்காதீர்கள். நீங்கள் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்ன பின்னும் நிறுவனம் பின்னாளில் ஒரு கோரிக்கையை மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு அவர் உத்தரவிட முடியும். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்த மின்னஞ்சலும் ரசீதும்தான்.

வேகத்தின் மீது உங்களுக்குள்ள ஆசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உங்கள் ஊருக்கு அருகே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இன்னொரு பந்தயத் தடம் இருக்கிறது. ஆனால் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றைச் சாதாரண கார் பாலிசி வெளிப்படையாக விலக்கி வைத்திருப்பதால், தடத்தில் ஆகும் சேதம் முழுவதும் உங்கள் பையிலிருந்துதான் போக வேண்டும். டியூன் செய்த கார்தான் வேண்டுமென்றால், பழைய கார் ஒன்றைத் தடத்துக்கென்றே வாங்கி, சாலையில் ஓட்டாமல் டிரக்கில் ஏற்றிக்கொண்டு போங்கள். அதன் விலையையும் ஆண்டுச் செலவையும் இழந்தாலும் குடும்பச் செலவு தடுமாறாத தொகைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். போலோவை, ஆர்சியில் அச்சாகியிருக்கும் அதே திறனோடு அலுவலகத்துக்கு ஓட்டுங்கள்.