முதலில் ஃபேனைக் கழற்றுங்கள்!

கேள்வி: மாடி அறையில் எட்டடி பூல் (பில்லியர்ட்ஸ் போன்ற ஆட்டம்) மேசை போட்டிருக்கிறோம். சீலிங்கில் ஓர் எல்இடி பேனல், பக்கத்திலேயே ஃபேன். ஆடும்போது கண் கூசுகிறது. ஊதாப் பந்து கறுப்பாகத் தெரிகிறது. மகன் கலர் கண்ணாடி விளக்கு வாங்கித் தொங்கவிடலாம் என்கிறான். எத்தனை வாட் போடலாம்?
- வாசகி, கோவை

பதில்: வாட்டை அப்புறம் பார்க்கலாம் அம்மா, முதலில் ஃபேனைக் கழற்றுங்கள். கிளப்பில் மார்க்கராக, அதாவது ஆட்டத்தில் புள்ளி குறிப்பவனாக, இருந்தவன் சொல்கிறேன்: இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி விடும், மேசைத் துணி மேல் நிழல் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் யாரால் குறி பார்க்க முடியும்? காற்றுக்குச் சுவர் ஃபேன் போதும்.

விளக்கு அறைக்கு நடுவில் இல்லை, மேசைக்கு நடுவில் தொங்க வேண்டும். ஃபேன் கொக்கி அங்கே இருக்கிறதே என்று அதிலேயே மாட்டிவிடாதீர்கள். எட்டடி மேசையில் ஆடும் பரப்பு 88க்கு 44 அங்குலம். நாலடி எல்இடி பேட்டன் (நீளப் பட்டை விளக்கு) இரண்டை நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தினால் இரு கோடிக்கும் வெளிச்சம் எட்டும். ஒவ்வொன்றும் 20 வாட், சுமார் 2,000 லூமென் (விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு). உலகப் பூல் சங்கம் மேசையில் குறைந்தது 520 லக்ஸ் (மேசை மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) கேட்கிறது. வீட்டுக்கு இந்த இரண்டு பேட்டனே தாராளம். துணியிலிருந்து 36 முதல் 40 அங்குல உயரத்தில் தொங்கட்டும். பக்கவாட்டில் தகடு மறைப்பும் அடியில் வெளிச்சத்தைப் பரப்பும் பால் நிற மூடியும் (டிஃப்யூசர்) இருந்தால் கூச்சம் போய்விடும்.

ஊதாப் பந்து விஷயத்துக்கு வருவோம். விளக்குப் பெட்டியில் 4000 கே (வெளிச்சத்தின் நிறச் சாயல்), சிஆர்ஐ 90 (நிறங்களை உள்ளபடி காட்டும் திறன்) என்று இருக்கிறதா பாருங்கள். சிஆர்ஐ குறைந்த விளக்கில் நாலாம் நம்பர் ஊதாவும் எட்டாம் நம்பர் கறுப்பும் ஒன்றுபோல இருக்கும். மூன்றாம் நம்பர் சிவப்பும் ஏழாம் நம்பர் மெரூனும் அதே கதைதான். கடைக்குப் போகும்போது இந்த நாலு பந்தையும் பையில் போட்டுக்கொண்டு போய், விளக்கை எரியவிட்டுப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

மாட்டியதும் ஒரு பந்தை குஷனை (மேசை ஓரத்து ரப்பர் விளிம்பை) ஒட்டி வையுங்கள். நிழல் வெளிறி, பந்தின் காலடியிலேயே நின்றால் சரி. ஒரு பக்கம் கறுத்து நீண்டால் விளக்கு நடுவில் இல்லை, நகர்த்துங்கள்.

கலர் கண்ணாடி பார்க்க அழகுதான். மாடிப்படியில் மாட்டுங்கள், மேசைக்கு வேண்டாம். பேட்டன்களைச் சங்கிலியில் தொங்கவிடுங்கள். துணி மாற்ற ஆள் வரும் நாளில் மேலே ஏற்றிவிடலாம்.