தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா, ஜீன் எடிட்டிங்ல சரி பண்ணிடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயசு. 3 வருஷமா ஸ்கிசோஃப்ரினியாவுக்கு மாத்திரை சாப்பிடறான். காதுல குரல் கேக்குறது நின்னுடுச்சு, ஆனா உடம்பு ரொம்ப வெயிட் போட்டுடுச்சு, எப்பப் பாத்தாலும் தூக்கம். ஜீனை வெட்டி ஒட்டி பரம்பரை நோயை எல்லாம் குணப்படுத்துறாங்கன்னு ஒரு வீடியோ பாத்துட்டு, அது வந்ததும் பாத்துக்கலாம் இந்த மாத்திரை எனக்கு வேணாம்ங்கறான். நிஜமாவே அப்படி ஒரு ட்ரீட்மென்ட் இருக்கா? நான் குழந்தைக்கு ப்ளான் பண்றேன். குழந்தைக்கும் இது வருமா, வந்தா முன்னாடியே ஜீன்ல மாத்திட முடியுமா?

பதில்: முதல்ல மாத்திரை விஷயம். இன்னைக்கு தேதியில ஸ்கிசோஃப்ரினியாவுக்கு ஜீன் தெரபி எந்த நாட்டிலயும் கிடையாது, தம்பி எதிர்பார்க்கிற அளவுக்கு சீக்கிரம் வரவும் போறதில்ல. அதுக்காக மாத்திரையை விட்டா என்ன ஆகும்னு நல்லாவே தெரியும். முதல் தடவை நோய் வந்ததுக்கு அப்புறம் வருஷக்கணக்கா நோயாளிகளைத் தொடர்ந்து பாத்த ஒரு ஆய்வுல, மாத்திரையை நிறுத்தினவங்களுக்கு நோய் திரும்புற வாய்ப்பு கிட்டத்தட்ட 5 மடங்கு அதிகமா இருந்துச்சு. குரல் நின்னதே மாத்திரையாலதான்னு அவர்கிட்ட யாராவது பொறுமையா சொல்லணும், அது நீங்களாவே இருக்கலாம்.

வீடியோ பொய்னு நான் சொல்லல. 2023 கடைசியில சிக்கிள் செல், தலசீமியாங்கற ரெண்டு பரம்பரை ரத்த நோய்க்கும், ஜீனைக் குறிப்பிட்ட இடத்துல வெட்டித் திருத்துற கிரிஸ்பர் முறையில செஞ்ச முதல் சிகிச்சைக்கு பிரிட்டன்ல அனுமதி குடுத்தாங்க, அடுத்து அமெரிக்காவும் குடுத்துச்சு. ஆனா அது எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் பாருங்க. நோயாளியோட ரத்த ஸ்டெம் செல்லை, அதாவது ரத்தத்தை உருவாக்குற மூல செல்லை, வெளிய எடுக்கறாங்க, லேப்ல வச்சு அதுல குறிப்பா ஒரு இடத்தை வெட்டறாங்க, அதனால குழந்தை கருவுல இருந்தப்ப ஓடிட்டு இருந்த பழைய வகை ஹீமோகுளோபின் மறுபடி உற்பத்தியாக ஆரம்பிக்குது, அப்புறம் கீமோ குடுத்து எலும்பு மஜ்ஜையை காலி பண்ணிட்டு திருத்தின செல்லை உள்ள ஏத்தறாங்க. மூளைல இதுல ஒரு ஸ்டெப்பாவது முடியுமா சொல்லுங்க? நரம்பு செல்லை வெளிய எடுத்து திருத்தி திரும்ப வைக்க வழியில்ல, அது இருக்கிற இடத்துக்கே மருந்து போய் சேரணும். மூளைல சுமார் 8,600 கோடி நரம்பு செல் இருக்கு. அதுல எந்த வகை செல்லுக்கு, எந்தப் பகுதில போய் சேரணும்ங்கறதே ஒரு தனித் தலைவலி.

சரி, மூளைக்கு ஜீன் அனுப்பவே முடியாதான்னா, முடியும், செஞ்சிருக்காங்க. ஏஏடிசி குறைபாடுன்னு ரொம்ப அபூர்வமான ஒரு நோய், ஒரே ஒரு என்ஸைம் இல்லாததால, நரம்பு செல்கள் ஒண்ணுக்கொண்ணு தகவல் அனுப்புற டோபமைன்ங்கற ரசாயனம் உற்பத்தியே ஆகாது, குழந்தைக்கு தலையைத் தூக்கி வைக்கக்கூட வராது. நல்ல ஜீனை ஒரு தீங்கில்லாத வைரஸ்குள்ள வச்சு, மண்டை ஓட்டுல துளை போட்டு, மூளைக்குள்ள ஆழமா இருக்கிற புட்டாமென்ங்கற பகுதில மெதுவா செலுத்தறாங்க. 2022ல ஐரோப்பாவுலயும் 2024ல அமெரிக்காவுலயும் அனுமதி கிடைச்சுது. தலை நிக்காம இருந்த குழந்தைங்கள்ல சிலர் உட்காரவும் சிலர் நடக்கவும் ஆரம்பிச்சாங்க, டாக்டருங்க எங்களுக்கே சிலிர்ப்பா இருந்த செய்தி அது.

ஸ்கிசோஃப்ரினியாவும் டோபமைன் சம்பந்தப்பட்டதுதானே, அப்போ இதே மாதிரி பண்ணலாமேன்னு உடனே தோணும். அங்க பிரச்சனை ஒரு ஜீன்ல, அதுவும் இல்லாமப் போன ஒரு பொருளைக் குடுத்தா போதும். இங்க 2022ல வந்த பெரிய ஆய்வுல, 76,000க்கு மேல நோயாளிகளோட டிஎன்ஏவை நோய் இல்லாதவங்களோட ஒப்பிட்டுப் பாத்து, நோயோட தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டுபிடிச்சாங்க. ஒவ்வொண்ணும் ரிஸ்கைக் கூட்டுறது அத்தனை கொஞ்சம், அதுல பல மாற்றங்கள் உங்ககிட்ட எங்கிட்ட எல்லார்கிட்டயும் இருக்கு. ஊர் கூடி இழுக்குற தேர்ல ஒரு ஆளோட கையை மட்டும் பிடிச்சு விலக்கினா தேர் நின்னுடுமா என்ன. அதுலயும் பாதிக்கு மேல புரதம் செய்யற ஜீனுக்குள்ளயே இல்ல, வெளிய ஜீனோட வேகத்தைக் கூட்டி குறைக்கிற பகுதிகள்ல இருக்கு, ஒண்ணை மாத்தினா வேற எங்க என்ன ஆகும்னு கணிக்க முடியாது.

இன்னொரு சிக்கல் நேரம். 2016ல சி4ங்கற ஜீனைப் பத்தி வந்த ஆராய்ச்சி எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு. நோய் எதிர்ப்பு மண்டலத்து ஜீன் அது, மூளைல அதிகமா வேலை செஞ்சா நரம்பு செல்களுக்கு நடுவுல இருக்கிற இணைப்புகளை தேவைக்கு மேல கத்தரிச்சு விடுதோன்னு அதுல சந்தேகப்பட்டாங்க. எல்லாருக்கும் டீன் ஏஜ்ல இந்தக் கத்தரிப்பு கொஞ்சம் நடக்கும், அது நார்மல். இந்தக் கணக்கு சரின்னே வச்சுக்கோங்க, முதல் தடவை குரல் கேக்கறதுக்கு பல வருஷம் முன்னாடியே வேலை நடந்து முடிஞ்சிருக்கும், 24 வயசுல போய் ஜீனைத் திருத்தினா போன இணைப்பு வந்துடாது.

ஒரே ஜீனால வர்ற மூளை வளர்ச்சி நோய்களுக்கு வேணா நம்பிக்கை இருக்கு. ரெட் சிண்ட்ரோமுக்கு ஜீன் தெரபி ட்ரையல் நடக்குது, அதுலயும் அளவு தப்பிடக்கூடாது, அந்த ஜீன் செய்யற புரதம் குறைஞ்சா ஒரு நோய், கூடினா இன்னொரு நோய். 2024ல அப்படி ஒரு ட்ரையல்ல ரொம்ப அதிக டோஸ் குடுத்து ஒரு நோயாளி இறந்தும் போயிட்டாங்க.

இப்ப உங்க குழந்தை. பொதுவா ஸ்கிசோஃப்ரினியா வர்ற வாய்ப்பு 100ல ஒருத்தருக்கு. மாமாவுக்கோ அத்தைக்கோ இருந்தா குழந்தைக்கு 100ல 3, 4 பேர்ங்கற அளவு, அதாவது 95 பேருக்கு மேல வராது. அச்சு அசல் ஒரே ஜீன் உள்ள இரட்டையர்ல ஒருத்தருக்கு இருந்தாலும் இன்னொருத்தருக்கு பாதிக்குப் பாதிதான், பல கணக்குல அதுகூட இல்ல. கருவுலயே ஜீனை மாத்துற வேலையை 2018ல சீனாவுல ஹே ஜியான்குய்ங்கறவர் வேற காரணத்துக்காக செஞ்சு, உலகம் முழுக்க திட்டு வாங்கி, 3 வருஷம் ஜெயில் தண்டனையும் வாங்கினார். மனநோய்க்கு அதை யாராவது செஞ்சு தர்றேன்னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. கருவுக்கு மார்க் போட்டு எதை வைக்கலாம்னு சொல்ற டெஸ்டும் சில கம்பெனி விக்குது, எனக்கு அதுல துளி நம்பிக்கை இல்ல.

ஜீன் டெஸ்ட்டால இப்பவே பிரயோஜனம் உள்ள இடம் ரெண்டு இருக்கு, தம்பியோட டாக்டர்கிட்ட கேளுங்க. தம்பிக்குப் பிறந்தப்ப இதயத்துல கோளாறு, அண்ணப்பிளவு, சின்ன வயசுல பேச்சு படிப்புல ரொம்பப் பின்தங்கல், கால்சியம் குறைவுன்னு ஏதாவது இருந்துச்சா? இருந்தா 22வது குரோமோசோம்ல ஒரு சின்னத் துண்டு விட்டுப்போயிருக்கான்னு பாக்கணும், அது உள்ளவங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு இந்த நோய் வருது. அப்படி இருந்தா நீங்களும் டெஸ்ட் பண்ணிக்கலாம், மேல சொன்ன கணக்கும் மாறும்.

ரெண்டாவது, மருந்தை உடம்பு எவ்வளவு வேகமா கரைக்குதுங்கறது. அரிபிப்ரசோல் மாதிரி சில மருந்தை சிலரோட கல்லீரல் ரொம்ப மெதுவா கரைக்கும், அவங்களுக்குப் பாதி டோஸே போதும். தூக்கம் அதிகம்னு சொல்றீங்களே, எந்த மாத்திரைன்னு நீங்க எழுதல, ஆனா டோஸைக் குறைக்கறதோ, ராத்திரிக்கு மாத்தறதோ, வேற மருந்துக்கு மாறறதோ எல்லாமே சாத்தியம்தான். வெயிட்டுக்கு மெட்ஃபார்மின் சேர்த்துக் குடுக்கறதும் உண்டு. அடுத்த விசிட்டுக்கு மாசாமாசம் எவ்வளவு எடை ஏறிச்சுன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க, சுகர் கொழுப்பு டெஸ்ட்டும் கேளுங்க, தம்பியையே பேச விடுங்க.